குழலூதிய பொம்மை



ரோபோவும் கலையும் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம் விழாக்களில் ரோபோவுக்கு என்ன வேலை? பூச்செண்டு நீட்டும், கைகூப்பும், நாமும் கைதட்டிவிட்டுச் சாப்பிடப் போவோம். இந்த அலங்காரத்தால் யாருக்கு லாபம்? கலை இயந்திரத்திடம் முடியாததைக் கேட்க வேண்டும் ஐயா! அப்போதுதான் இரண்டும் வளரும்.

பாரிஸில் ஒருவர் அப்படிக் கேட்டார். பெயர் ஜாக் வோகன்சன். 1738-இல் அவர் காட்டியது ஆளுயர மரப்பொம்மை, கையில் நிஜமான குழல். உள்ளே இசைப்பெட்டியை ஒளித்துவைத்த ஏமாற்று வேலை கிடையாது. பொம்மையே ஊதியது! ஒன்பது துருத்திகள், மும்மூன்றாகப் பிரித்து மூன்று விதக் காற்றழுத்தம். உதடு குவியும், விரியும், முன்னே வரும், பின்வாங்கும். வாய்க்குள் உலோக நாக்கு. வெறும் மரம் துளையைச் சரியாக அடைக்காது என்பதால் விரல் நுனியில் தோல். இன்று ரோபோக் கைக்கு ரப்பர் விரல் மாட்டுகிறோமே, அந்த மென்மையைக் குழல் அன்றே கேட்டு வாங்கிவிட்டது.

அவரை அரசு பட்டு நெசவுக்கு மேலதிகாரி ஆக்கியது. அவர் போட்ட சட்டதிட்டங்களை எதிர்த்து லியோன் நகர நெசவாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மனிதர் தப்பி ஓடினார். என் மனம் நெசவாளர் பக்கம்தான். ஆனால் அவர் செய்த தானியங்கித் தறி மூலையில் கிடந்து, பின்னாளில் ஜக்கார்டு என்பவர் கண்ணில் பட்டது. 1804-இல் அட்டைத் துளைகளைப் பார்த்து இழை தூக்கும் கருவி வந்தது. காஞ்சிபுரத்துத் தறிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டுப் பெட்டி அந்த வம்சம்தான்! 24,000 அட்டைகள் கோத்து ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அப்படி நெய்த படங்களில் ஒன்றை வாங்கி, வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டி மகிழ்ந்தவர் சார்லஸ் பாபேஜ். தாம் திட்டமிட்ட கணக்கு இயந்திரத்துக்கும் அவர் அட்டைகளைத்தான் நம்பியிருந்தார்.

கலைக்குப் பதிலுக்கு என்ன கிடைத்தது? ஜப்பானின் வசேதா பல்கலைக்கழகத்தில் 1990 முதல் குழலூதும் ரோபோ செய்துவந்தார்கள். செயற்கை நுரையீரல், உதடு, நாக்கு எல்லாம் உண்டு. குழல் பழக வருகிறவர்களுக்கு அதைக்கொண்டு சொல்லிக்கொடுத்தும் பார்த்தார்கள். வாத்தியார் “நல்லா ஊதுப்பா” என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இயந்திரத்துக்கோ எவ்வளவு காற்று, உதடு எங்கே என்று பிரித்துச் சொல்லியாக வேண்டும்.

ஜெர்மன் குழல் வித்துவான் குவான்ட்ஸ் 1752-லேயே எழுதிவைத்தார்: இயந்திரம் மனிதனை மிஞ்சும் வேகத்தில் பிசகாமல் வாசிக்கலாம், வியப்பூட்டலாம், உள்ளத்தை மட்டும் அசைக்காது என்று. அதை நான் சவாலாகவே எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே கல்லூரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ரோபோப் போட்டிக்கு நடுவராக ஒரு நாகஸ்வர வித்துவானையும் கூப்பிடுங்கள். “தம்பி, உன் ரோபோ சீவாளியை எவ்வளவு அழுத்தும்?” என்று அவர் கேட்கட்டும். தோடி ராகத்தின் காந்தார சுரத்தை அசைத்துக் காட்டச் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு ஆறு மாதம் தூக்கம் வராது!