சூலூரிலிருந்து பீளமேட்டிற்கு

(வெள்ளி விழாவின் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

கருமத்தம்பட்டியில் வாழும் நமக்கு விமானம் புதுமைப் பொருளன்று. தெற்கே சூலூரில் விமானப்படைத் தளம். மேற்கே பீளமேட்டில் பயணிகள் விமான நிலையம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையின் விமானத் தளமாக விளங்கிய சூலூரில், 2018 முதல் நம் நாட்டிலேயே உருவான தேஜஸ் போர் விமானங்கள் நிலைகொண்டுள்ளன. விசைத்தறி ஓசையையும் விஞ்சி அவற்றின் முழக்கம் நம் தெருக்களில் கேட்கிறது. வகுப்பு நடக்கும்போது மாணவர் அனைவரும் சன்னலை நோக்கித் திரும்பி விடுவர். அந்த ஒரு நிமிடம் பாடத்தை நிறுத்திக் கொள்வதன்றி ஆசிரியர்க்கு வேறு வழியில்லை.

ஆயினும் அவ்விமானத்தை ஓட்டுபவர் எவ்வழியே அவ்விருக்கையை அடைந்தார், நாற்பது வயதுக்குப் பின் அவர் என்ன செய்வார் என்று நம் பிள்ளைகள் கேட்பதில்லை. அவர்களுள் பலர் பயணிகள் விமானம் ஓட்டச் செல்கின்றனர். அதாவது, சூலூரில் தொடங்கிய வாழ்க்கை பீளமேட்டில் தொடர்கிறது. அம்மாற்றத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

இஃது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1932 அக்டோபர் 15ஆம் நாள் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் விமானம் ஓட்டி வந்த செய்தியைப் பலரும் அறிவர். அந்த அஞ்சலை பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு வந்தவர் நெவில் வின்சென்ட். பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றி விலகியவர் அவர். அந்நிறுவனத்திற்குத் திட்டம் வகுத்ததிலும் அவர்க்குப் பெரும் பங்குண்டு. எனவே, நம் நாட்டின் பயணிகள் விமானத் தொழில் ஒரு முன்னாள் படைவீரரின் துணையோடுதான் பிறந்தது எனலாம். 1945இல் போர் முடிந்தபின், படை கழித்துவிட்ட டக்கோட்டா விமானங்களை வாங்கிப் பல நிறுவனங்கள் தோன்றின. அவற்றை ஓட்டியவர்களுள் பலர் படையிலிருந்து விடுபட்டவர்களே.

இதில் நம் சமுதாயத்திற்கு என்ன என்று கேட்கலாம். தனியார் பயிற்சி நிலையத்தில் பயின்று விமானி உரிமம் பெற இன்று அரைக்கோடி ரூபாயும் அதற்கு மேலும் ஆகிறது. நிலம் உள்ளவர் நிலத்தை விற்பர். நாம் எதை விற்பது? விமானப்படையோ, தேர்ந்தெடுத்த இளைஞனுக்குத் தன் செலவில் பயிற்சி தந்து, உணவும் உடையும் தந்து, ஊதியமும் தருகிறது. பொருளில்லாத வீட்டுப் பிள்ளை விமானியாவதற்கு நாம் அறிந்தவரை இதனினும் செம்மையான பாதை இல்லை.

படைக்கும் நமக்கும் உள்ள உறவு பழையது. அண்ணல் அம்பேத்கர் 1891இல் பிறந்தது மவ் என்னும் படைநகரில். தந்தையார் இராம்ஜி சக்பால் படையில் சுபேதார். படைப் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். ஓய்வு பெற்றபின் சதாராவில் வேறு பணியில் அமர்ந்தார். அவர் படையிலிருந்து கொண்டுவந்த பெருஞ்செல்வம் எழுத்தறிவே. அந்த வீட்டில்தான் அம்பேத்கர் படித்தார்.

நம் பகுதியிலும் படைக்குச் சென்று திரும்பியோர் உளர். பதினைந்து, பதினேழு ஆண்டு எல்லையில் நின்றுவிட்டு, நாற்பதை எட்டுமுன் ஊர் திரும்பி, வங்கி வாயிலிலோ ஆலை வாயிலிலோ காவலராக அமர்கின்றனர். அத்தொழிலை இழிவென்று நாம் கூறமாட்டோம். ஆனால் எந்திரம் பழுது பார்க்கவும் வானொலிக் கருவி இயக்கவும் கற்றவர், கையில் சான்றிதழ் இல்லாத காரணத்தால் வாயிற்கதவைத் திறந்து மூடுகிறார் என்றால், அங்கே ஏதோ தவறிவிட்டது. கற்ற தொழிலுக்கு வெளியுலகம் ஏற்கும் தாள் ஒன்று வேண்டும். அதைப் பணியில் இருக்கும்போதே பெற வேண்டும்.

விமானியின் வாழ்க்கையிலும் இதுவே நிலை. படையில் எத்துணைச் சிறந்த விமானியாக இருந்தாலும், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் இன்றிப் பயணிகள் விமானத்தைத் தொட இயலாது. படையில் பறந்த நேரம் கணக்கில் கொள்ளப்படும். ஆயினும் விமான விதிகள் முதலிய தேர்வுகளில் தேற வேண்டும். மருத்துவச் சோதனையில் தகுதி பெற வேண்டும். தலைமை விமானிக்குரிய உரிமத்திற்கு 1500 மணி நேரப் பறப்பு வேண்டும். போர் விமானம் ஒருமுறை மேலெழுந்தால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் இறங்கிவிடும். ஆன்டனோவ் போன்ற சரக்கு விமானமோ பல மணி நேரம் பறக்கும். ஆகவே போர் விமானிக்கு அக்கணக்கு மெல்லவே ஏறும். அவர் பறப்புக் குறிப்பேட்டை முதல் நாளிலிருந்தே பிழையின்றி எழுதி வைத்திருக்க வேண்டும். அதன்பின் ஏர்பஸ் 320, போயிங் 737 என்று குறிப்பிட்ட விமானத்திற்கெனத் தனிப் பயிற்சி உண்டு. அதற்குப் பல இலட்சம் செலவாகும். அந்தப் பணத்தை முன்கூட்டியே சேர்க்காதவர் கடனாளியாவார். குறுகிய காலப் பணியில் சேர்ந்தவர்க்குப் பதினான்கு ஆண்டு முடிவில் ஓய்வூதியமும் இல்லை என்பதைக் கருதுக. நினைத்தவுடன் படையை விட்டு விலகவும் முடியாது. விடுவிப்புக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். இருவர் ஓட்டும் பயணிகள் விமானத்தில் 65 வயது வரை பணியாற்றலாம். நாற்பதில் சேர்ந்தால் இருபத்தைந்து ஆண்டு எஞ்சியிருக்கிறது.

பணத்தினும் கடினமானது ஒன்றுண்டு. படையில் பலர்க்கு ஆணையிட்டவர், இங்கே துணை விமானியாக வலப்பக்க இருக்கையில் அமர்கிறார். இடப்பக்கம் இருக்கும் தலைவர் தம்மினும் இளையவராக இருக்கலாம். பின்னாளில் தாமே தலைவரானாலும், அருகில் இருப்பவர் சொல்லைச் செவிமடுத்தே ஆக வேண்டும்.

கேப்டன் தீபக் சாத்தே 1981 முதல் 2003 வரை விமானப்படையில் பணியாற்றியவர். பயிற்சியில் முதன்மை பெற்று வீரவாள் பரிசு பெற்றவர். பின்னர் ஏர் இந்தியாவில் சேர்ந்தார். 2020 ஆகஸ்ட் 7ஆம் நாள், கொரோனாக் காலத்தில் துபாயிலிருந்து நம் மக்களை ஏற்றிவந்த விமானத்தைக் கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் இறக்கினார். 190 பேர் இருந்த அவ்விமானம் ஓடுதளத்தைக் கடந்து பள்ளத்தில் வீழ்ந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் மாண்டனர். மீண்டும் மேலெழும்புமாறு துணை விமானி கூறியும் இறங்குதல் தொடர்ந்தது; துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுத்துக் கொள்ளவில்லை என்று 2021இல் வெளிவந்த விசாரணை அறிக்கை கூறுகிறது. மறைந்தவரைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. நாட்டுக்கு அவர் ஆற்றிய தொண்டு பெரிது. இத்தொழிலில் பழைய பதவியும் பட்டயமும் அருகிலிருப்பவரின் குரலுக்கு ஈடாகா என்பதற்காகவே கூறுகிறோம். மேலானவரை எதிர்த்துப் பேசாதே என்று பல தலைமுறையாகக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள், அந்த வலப்பக்க இருக்கையில் அமரும்போது வாய்திறந்து பேசப் பழகியிருக்க வேண்டும்.

இனி, இளைஞர்களே, தொடக்கத்திற்கு வருவோம். படையில் இடஒதுக்கீடு இல்லை. தேசியப் பாதுகாப்பு அகாதமித் தேர்வைத் தமிழில் எழுதவும் இயலாது. விமானப் பிரிவுக்கு மேல்நிலையில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம். "கணக்கு வராது, சுலபமான குரூப்பில் சேர்த்து விடுங்கள்" என்று பதினோராம் வகுப்பில் பெற்றோர் வந்து நிற்கும்போது, அக்கணமே அக்கதவு மூடிவிடுகிறது. ஆசிரியர் சிலரும் நம் பிள்ளைகளைக் கண்டவுடன் அவ்வாறே முடிவு கட்டுகின்றனர் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியுள்ளது.

ஆனால் அதற்கு முன்னே ஒரு வாயில் உண்டு. உடுமலைக்கு அப்பால் அமராவதி நகரில் 1962 முதல் சைனிக் பள்ளி நடைபெற்று வருகிறது. பத்து வயது நிறைந்து பன்னிரண்டைத் தாண்டாத பிள்ளைகள் ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். அங்கே பட்டியல் இனத்தார்க்கு 15 விழுக்காடு இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. பெண்களும் சேரலாம். 2022 முதல் தேசியப் பாதுகாப்பு அகாதமியும் பெண்களுக்குத் திறந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை, பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் நகல்களுடன் நம் கழக அலுவலகத்தில் இம்மாத இறுதிக்குள் கொடுங்கள். ஞாயிறு தோறும் காலை கணக்குப் பாடம் நடத்த நாம் வருகிறோம்.