பிரெஞ்சுப் படிப்பும் மொழிபெயர்ப்புப் பயிற்சியும்

சாரல் காலத்தில் ஒருநாள் ஐந்தருவியில் நீராடிவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். தென்காசி நண்பர் ஒருவர் தம் மகளுடன் வந்தார். அந்தப் பெண் கல்லூரியில் பிரெஞ்சு பயின்றவள். புதுச்சேரி சென்று முதுகலை படிக்க வேண்டும், பிரெஞ்சு இலக்கியத்தைத் தமிழில் தரவேண்டும் என்பது அவள் ஆசை. "அண்ணாச்சி, இரண்டு வருஷம் செலவழித்துப் படித்துவிட்டுக் கதைகளை மாற்றி எழுதினால் சோறு கிடைக்குமா? நீங்களே சொல்லுங்கள்" என்றார் தந்தை. நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்னதையே இங்குச் சற்று விரித்துச் சொல்கிறேன்.

இலக்கிய மொழிபெயர்ப்பு ஒன்றையே நம்பிக் குடும்பம் நடத்துவது நம் நாட்டில் அரிது. இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் பிரெஞ்சு முதுகலை ஆசிரியத் தொழிலுக்கு உதவும். வணிக நிறுவனங்களின் மொழிபெயர்ப்பு வேலைக்கும் உதவும். 1985-இல் தோன்றிய புதுவைப் பல்கலைக்கழகத்திலோ, பிரெஞ்சு முதுகலை மொழிபெயர்ப்போடு இணைந்தே அமைந்திருக்கிறது. ஒருவர் பேசப் பேச அதனை வேறு மொழியில் எடுத்துரைக்கும் கலையும் அதனுள் அடங்கும். ஆகவே, சோற்றுக்கு ஒரு வழி, ஆசைக்கு ஒரு வழி என்று இரண்டாகப் பிரியவேண்டிய அவசியமில்லை.

"ஆங்கிலத்தில்தான் எல்லா நூலும் இருக்கிறதே, அதைப் பார்த்து எழுதினால் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் உதாரணம் சொல்கிறேன். செந்த் எக்சுபெரி 1943-இல் வெளியிட்ட குட்டி இளவரசன் கதையில், பாலைவனத்தில் உறங்கும் விமானியை ஒரு சிறுவன் எழுப்புகிறான். மரியாதைப் பன்மையில் தொடங்கி, அதே மூச்சில் ஒருமைக்குத் தாவிவிடுகிறான். பிரெஞ்சிலும் நமக்கு இருப்பதுபோல நீ, நீங்கள் என்ற வேறுபாடு உண்டு. இன்றைய ஆங்கிலத்தில் அது இல்லை. ஆங்கிலத்தின் வழியாக வந்தால், தமிழில் எளிதாகக் காட்டக்கூடிய அந்தக் குழந்தைமை நடுவழியிலேயே தொலைந்துபோகிறது!

அதே கதையில் ஒரு நரி, தன்னைப் பழக்கிக்கொள்ளும்படி இளவரசனிடம் வேண்டுகிறது. பிரெஞ்சுச் சொல் விலங்கை வசப்படுத்துவதைக் குறிப்பது. தமிழிலோ யானையைப் பழக்குகிறோம், மனிதரோடு பழகுகிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. நரி உணர்த்த விரும்பும் உறவு நம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இதைக் கண்டுகொள்ளப் பிரெஞ்சு மட்டும் போதாது. தமிழின் உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்தில், தம் இறுதி ஆண்டுகளைக் குற்றாலத்திலே கழித்த ரசிகமணி டி. கே. சி. (1882–1954) நினைவுக்கு வருகிறார். கவிதையின் உணர்ச்சியும் உருவமும் பிரிக்க முடியாதவை என்பதைப் பாடிக் காட்டியே உணர்த்தியவர் அவர். அவரோடு பழகிய நீதிபதி எஸ். மகராஜன் பின்னர் ஷேக்ஸ்பியர் நாடகங்களைத் தமிழாக்கினார். காது பழகிய பிறகே கை எழுதத் துணிந்தது எனலாம்.

பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வந்த பாதையும் புதிதன்று. புதுவையில் வாழ்ந்த சுத்தானந்த பாரதியார் விக்தர் ஹ்யூகோவின் பெருநாவலை 'ஏழை படும் பாடு' என்று தந்தார். 1950-இல் அது திரைப்படமாயிற்று. ஆல்பெர் காம்யுவின் 'அந்நியன்' 1980-இல் வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் நேரே பிரெஞ்சிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே அவரும் ச. மதனகல்யாணியும் சேர்ந்து 'குட்டி இளவரசன்' தந்தனர்.

எனவே அந்தப் பெண்ணுக்கு நான் கூறிய யோசனை இதுதான்: முதுகலையில் சேர்ந்துகொள். வகுப்பில் படிக்கும் பிரெஞ்சுப் பகுதியில் நாள்தோறும் பத்து வரியேனும் தமிழாக்கு. மறுநாள் மூலத்தை மூடிவைத்துவிட்டு, எழுதியதை வாய்விட்டுப் படி. எங்கே நாக்கு இடறுகிறதோ அங்கே பிரெஞ்சு வாக்கியம் தமிழ் உடை போட்டுக்கொண்டு நிற்கிறது என்று அறிந்து திருத்து. பிரெஞ்சுக்குச் செலவிடும் பொழுதுக்குக் குறையாத பொழுதைத் தமிழ் நூல்களுக்கும் கொடு.

தந்தை சிறிது யோசித்தார். "அப்படியானால் தமிழையும் படிக்கவேண்டும் என்கிறீர்கள்" என்றார். அதைத்தான் சொன்னேன். பட்டம் பிரெஞ்சில் கிடைக்கும். தேர்வு தமிழில்தான் நடக்கும்.