கூடிக் கற்றல்



வீட்டில் தமிழும் பள்ளியில் வேற்று மொழியும் கேட்டு வளரும் நம் குழந்தைகளுள், விடை தெரிந்தும் வகுப்பில் வாய் திறவாதவர் உண்டு. அத்தகைய குழந்தைக்குக் கைகொடுக்கும் கற்பித்தல் முறை ஒன்றைக் குறித்து இன்று பேசுகிறேன்.

1971-ஆம் ஆண்டு, அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், இனப் பிரிவினை நீங்கி, வெள்ளையர், கறுப்பர், மெக்ஸிக வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்தனர். சண்டை மூண்டது. ஆசிரியரின் கேள்விக்கு முந்திக்கொண்டு கைதூக்கும் போட்டி அப்பகைமையை வளர்ப்பதை உளவியல் அறிஞர் எலியட் ஆரன்சன் கண்டார்.

அவரும் அவருடைய மாணவர்களும் வகுத்த முறை எளிது. ஐந்தாறு பிள்ளைகள் ஒரு குழு. பாடத்தில் ஆளுக்கு ஒரு பகுதி. வெவ்வேறு குழுக்களில் ஒரே பகுதியைப் பெற்றோர் முதலில் ஒன்றுகூடி அதனைத் தெளிவுறக் கற்பர். பின்னர்த் தத்தம் குழுவுக்குத் திரும்பி மற்றவர்க்குக் கற்பிப்பர். தேர்வோ முழுப் பாடத்திலும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே!

முதலில், தயங்கித் தயங்கிப் பேசிய சிறுவனைப் பிறர் எள்ளி நகைத்தனர். அவன் பகுதியை அவனன்றி அறிய வழியில்லை என உணர்ந்ததும், பொறுமையுடன் வினவி அவன் அறிந்ததை வெளிக்கொணர்ந்தனர். நாளடைவில் நட்பும் மலர்ந்தது.

வெறுமனே வட்டமாக அமர்வது கூடிக் கற்றல் ஆகாது. ஒருவர் உழைக்க மற்றவர் பார்த்து எழுதும் நிலையே அதில் நேரும். ஒவ்வொருவர் கையிலும் பிறருக்கு இன்றியமையாத ஒரு பங்கு இருத்தல் வேண்டும்.

உங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் மாலையில் சேர்ந்து படிக்கையில் இதனைச் செய்து பாருங்கள். வாய் திறவாத குழந்தையின் சொல்லுக்கும் அங்கே பிறர் காத்திருப்பர்.