விளையாட்டும் உழைப்பும்
(வாலிபர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைத்தொலைபேசியில் காணொளி விளையாட்டு ஆடாத இளைஞரை இன்று வாவிக்கரையில் காண்பது அரிது. அத்தகைய விளையாட்டுகளை ஆக்கும் தொழிலுக்குச் செல்லக் கனவு காண்போரும் நம்முள் உளர். ஆடுவது விளையாட்டு, ஆக்குவதோ வினை. அவ்வினை செய்வோரின் நிலை யாது? இதுவே என் பொருள்.

அமெரிக்க அட்டாரி நிறுவனம் ஆதியில் விளையாட்டை அமைத்தவரின் பெயரை வெளியிடுவதில்லை. பெயரும் உரிய பங்கும் வேண்டிய நால்வர் 1979இல் விலகி, ஆக்டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். அட்டாரியிலேயே பணியாற்றிய வாரன் ராபினெட், 1980இல் வெளிவந்த ‘அட்வென்ச்சர்’ விளையாட்டில் ஓர் இரகசிய அறை அமைத்துத் தம் பெயரை ஒளித்துவைத்தார். தான் பெற்ற பிள்ளைக்குத் தன் பெயரைக் களவாய் இடவேண்டிய நிலை!

காலம் சுழன்றது. அதே ஆக்டிவிஷனுக்குச் சொந்தமான ரேவன் நிறுவனத்தில், விளையாட்டுகளின் பிழை சோதிக்கும் ஊழியர் சிலர் 2021 டிசம்பரில் நீக்கப்பட்டனர். உடனுழைத்தோர் வேலைநிறுத்தம் செய்தனர்; 2022 மே மாதம் 19க்கு 3 என்ற வாக்கில் தொழிற்சங்கம் கண்டனர். உழைப்பாளி முதலாளியானால் மட்டும் நீதி பிறந்துவிடாது என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

2004இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் வருங்கால மனைவி பகிரங்கமாக எழுதினார்: காலை 9 மணி முதல் இரவு 10 மணிவரை, வாரம் ஏழு நாளும் வேலை, மேலதிகக் கூலி இல்லை. அங்குள்ள ஓவியர்கள் தொடுத்த வழக்கில் 2005இல் 1 கோடியே 56 இலட்சம் டாலர் கொடுக்க அந்நிறுவனம் இணங்கியது.

அறுவடைக் காலத்தில் இரவு பகல் பாராது உழைப்பது நமக்குப் புதிதன்று. ஆயினும் சூடு மிதித்ததும் கூலிநெல்லைக் களவெட்டியிலேயே அளப்பது நம் முன்னோர் வழக்கம். முடியாத அறுவடையும் அளக்காத கூலியும் எந்த வயலுக்கும் அடாது.

இது தொலைதேசத்துக் கதை எனத் தள்ளிவிடாதீர்கள். 2025 பெப்ரவரியில் பாரிசைத் தலைமையிடமாகக் கொண்ட டெக்னிகலர் நிறுவனம் நொடிந்தபோது, படங்களுக்கும் விளையாட்டுகளுக்கும் சித்திரவேலை செய்த பெங்களூர்க் கிளையும் மூடிற்று. இந்தியாவில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர்.

நம் நாட்டில் சட்டம் ஊமையன்று. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என வரம்பிட்டு, மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் விதிக்கிறது. எழுவர் சேர்ந்தால் தொழிற்சங்கம் பதிவுசெய்யலாம். இவற்றை அறியாதவனுக்குச் சட்டம் இருந்தும் இல்லாததே.

“நீ விரும்பிச் செய்யும் வேலைதானே!” என்பார்கள். அன்பர்களே, விருப்பம் கூலியாகாது. பயன் கருதாது கடமை செய்யெனக் கீதை போதித்தது உழைப்பவனுக்கு. அதைக் காட்டிக் கூலியைக் குறைக்க முதலாளிக்கு உரிமை தரவில்லை. மகனோ மகளோ இத்தொழிலுக்குப் புறப்பட்டால், பெரியோர்களே, சம்பளத்தோடு வேலைநேரத்தையும் விசாரியுங்கள். தோழர்களே, கலையைக் கற்பதோடு உரிமையையும் கற்போமாக.