உத்தரப் பிரதேசம்: சராசரி காட்டாத மாவட்டங்கள்

2011 கணக்கெடுப்பின்படி உத்தரப் பிரதேசத்தின் மக்கள் தொகை ஏறத்தாழ 20 கோடி. 100க்கு 78 பேர் கிராமவாசிகள். கரும்பும் கோதுமையும் செழிக்கும் இம்மாநிலத்தில், 7 வயதும் அதற்கு மேலும் உடையோரில் எழுத்தறிவு பெற்றிருந்தோர் 67.7 சதவீதம். இச்சராசரியை மட்டும் கொண்டு திட்டம் தீட்டலாகாது. தில்லியை அடுத்து, தொழில்கள் பெருகிய கௌதம புத்த நகர் மாவட்டத்தில் இவ்விகிதம் 80 சதவீதம். நேபாள எல்லையில், வேளாண்மையை நம்பியுள்ள சிராவஸ்தியில் 47 சதவீதத்திற்கும் குறைவு. அங்கே பெண்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரே எழுத்தறிவு பெற்றிருந்தார். தாய் கல்லாத இல்லத்தில் குழந்தையின் உடல்நலமும் கல்வியும் பின்தங்குகின்றன. ஆகவே, கல்வி நிதியை மாவட்டவாரியாகப் பகிர்ந்தளிக்க வேண்டும். பெண்கள் உயர்நிலைப் பள்ளிகளும் ஆசிரியைகளும் சிராவஸ்தி போன்ற மாவட்டங்களுக்கே முதலில் கிடைக்க வேண்டும். மாநிலத்தின் முன்னேற்றத்தை அங்கிருந்து அளவிடுவதே முறையாகும்.