லேடாங் மலைக்குப் புறப்படும் முன்



பள்ளி விடுமுறை நெருங்கிவிட்டால் நம் பிள்ளைகளுக்குக் கால் ஒரிடத்தில் நிற்பதில்லை. ஜாசின், செலாண்டார், அசகான் வட்டாரத் தோட்டங்களில் வாசலில் நின்று கிழக்கே பார்த்தாலே லேடாங் மலை நீலமாய்த் தெரிகிறது. உயரம் 1,276 மீட்டர். பழைய கணக்கில் ஏறத்தாழ 4,187 அடி. மலாக்கா சுல்தானைத் தன் ஏழு நிபந்தனைகளால் திணறடித்த இளவரசியின் கதையையும் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். பிறகு கேட்க வேண்டுமா? “சார், மலைக்குப் போவோம், ஆற்றில் மீன் பிடிப்போம்” என்று தொடங்கிவிடுகிறார்கள்.

ஒரு மாணவன் வெளிநாட்டுப் படம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். குளிர்ந்த ஓடையில் முழங்கால் நீரில் நின்றபடி ஒருவர், உடம்பெல்லாம் புள்ளி போட்ட மீனைத் தூண்டிலில் இழுத்துக்கொண்டிருந்தார். “இந்த மீன் நம் மலையில் கிடைக்குமா?” என்பது அவன் கேள்வி. அது டிரவுட் மீன். 20 பாகை செல்சியசுக்குக் குறைந்த குளிர்நீரில்தான் அது நன்றாக வாழும். வெள்ளைக்காரர்கள் அதைக் கப்பலில் கொண்டுவந்து நீலகிரியிலும் இலங்கையின் நுவரெலியாவிலும் வளர்த்தார்கள். நீலகிரியில் அவலாஞ்சி என்னுமிடத்தில் 1907-இல் அதற்கென்று குஞ்சு பொரிப்பகமே அமைத்தார்கள். அவை ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட இடங்கள். நம் அடிவாரத்து ஓடையின் வெப்பம் அதற்குத் தாங்காது. ஆனால் நமக்கென்று கெலா உண்டு, தெங்காஸ் உண்டு, செபராவ் உண்டு. தோட்டத்து வாய்க்காலில் விரால் பிடித்துப் பழகிய கைகளுக்கு இவை புது அனுபவம்தான்.

பயணத்தைத் திட்டமிடுவது எப்படி என்று பேசும்போது நமக்கு ஒரு பழைய பயணி நினைவுக்கு வருகிறார். ஆல்பிரட் ரசல் வாலஸ் என்னும் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் 1854-இல் மலாக்காவுக்கு வந்தார். நம் ஆயர் பானாசில் தங்கி, அங்கிருந்து ஆறு மலாய்க்காரர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு லேடாங் மலைக்குப் புறப்பட்டார். வழியெல்லாம் சேறும் அட்டையுமாக இருந்தது. ஓர் அட்டை அவருடைய கழுத்திலேயே ஏறி வயிறு முட்டக் குடித்துவிட்டது. மேலே பாறைவெளியில் தண்ணீர் இருக்கும் என்று நம்பிப் போனவர்களுக்கு ஒரு சொட்டும் கிடைக்கவில்லை. கடைசியில் குடுவைச் செடிகளுக்குள் பூச்சிகளோடு தேங்கிக் கிடந்த நீரைக் குடித்தார்கள். சுவை நன்றாகவே இருந்தது என்று அவர் 1869-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். உலகம் போற்றும் அறிஞருக்கே தண்ணீர்க் கணக்கு தவறியது. நாம் ஆளுக்கு இரண்டு லிட்டராவது சுமந்து செல்லத்தான் வேண்டும்.

மலையேற்றத்திற்கு இன்று ஒழுங்கு முறை உண்டு. ஜொகூர்ப் பக்கம் சாகில் அருவியருகே தேசியப் பூங்கா அலுவலகம் இருக்கிறது. அங்கே முன்கூட்டியே பெயர் பதிந்து, வழிகாட்டியோடுதான் ஏறவேண்டும். ஏறி இறங்க ஒரு முழுப் பகல் பிடிக்கும். கயிற்றைப் பிடித்தும் ஏணி வைத்தும் ஏறுகிற செங்குத்தான இடங்கள் உண்டு. அவற்றுள் ஒன்றுக்கு மலையேறுபவர்கள் கே.எஃப்.சி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோழி வறுவல் கிடைக்கும் என்று பிள்ளைகள் நம்பிவிடவேண்டாம். ஏறுகிறவனைக் கொல்லும் இடம் என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை!

சப்பாத்துக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. பால்மரம் வெட்டப் போகும் நம் பெரியவர்கள் போட்ட கறுப்பு ரப்பர் சப்பாத்து இருக்கிறதே, அதைத்தான் இன்று பட்டணத்து மலையேறிகளும் கடையில் தேடி வாங்குகிறார்கள். ‘அடிடாஸ் கம்போங்’ என்று அதற்குச் செல்லப் பெயர். ஈரப் பாறையில் பிடிப்பு நன்றாக இருக்கும், நனைந்தாலும் விரைவில் காயும். ஐம்பது வருடம் நம் லயத்து வாசலில் கிடந்த சப்பாத்துக்கு இப்போது வந்திருக்கும் மரியாதையைப் பாருங்கள்.

சோற்றுக் கணக்கைத் தாய்மார்களிடம் விட்டுவிடலாம். ஒரு பால்டின் அரிசி ஒருவருக்கு இரண்டு வேளைக்குத் தாராளம். நெத்திலிச் சம்பல் கெடாது. தீப்பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். அட்டைக்கு உப்பு போதும்.

இனி, நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியிலிருந்து ஆசிரியர்கள் மூவரும் பன்னிரண்டு பிள்ளைகளும் மலையடிவாரத்து ஓடை ஒன்றுக்குப் போயிருந்தோம். எங்கள் தோட்டத்தில் முன்பு பால் வெட்டிய தாத்தா ஒருவரும் பேரனோடு வந்திருந்தார். ஓடை நடுவே இருந்த பெரிய பாறைமேல் சோற்றுச் சட்டிகளை வைத்துவிட்டு, பிள்ளைகள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. திடீரென்று தாத்தா எழுந்து, “ஏறுங்கடா எல்லாரும், கரைக்கு ஏறுங்க!” என்று கத்தினார். ஏன் என்று கேட்ட எங்களையும் திட்டினார். பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினோம். தெளிவாக ஓடிய நீர் தேநீர் நிறமாக மாறியது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. பிறகு மேலே லாரி வருவது போல ஓர் ஓசை கேட்டது. சட்டிகள் இருந்த பாறை சிறிது நேரத்தில் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு பையனின் பள்ளிப் பையும் போயிற்று. பிள்ளைகள் பன்னிரண்டு பேரையும் எண்ணினோம். மறுபடியும் எண்ணினோம். நம்பிக்கை வராமல் மூன்றாவது முறையும் எண்ணினோம்.

அன்று பிழை எங்களுடையது. தாத்தாவுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மலாய்க்காரர்கள் இதைக் கெப்பாலா ஆயர் என்பார்கள். மேலே பெய்த மழைநீர் ஒன்றுசேர்ந்து சுவர் போலக் கீழிறங்குகிறது. மலைச் சரிவில் ஓடை குறுகலாக இருப்பதால் நீர் பரவ இடமில்லை. அதனால்தான் அந்த வேகம். 2021 ஆகஸ்டில் கெடா மாநிலத்து ஜெராய் மலையிலிருந்து இப்படி இறங்கிய வெள்ளம் ஆறு உயிர்களைக் கொண்டுபோயிற்று.

ஆகவே குளிப்பதானாலும் மீன் பிடிப்பதானாலும் காலையிலேயே முடித்துவிடுங்கள். நம் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடிமழை அடிக்கடி வரும். ஒருவர் நீரில் இறங்காமல் கரையில் நின்று மலையுச்சியையும் நீரின் நிறத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கட்டும். அந்த வேலையைப் பெரியவர்களே ஏற்கவேண்டும். நீர் கலங்கினால் பொருள்களை எடுக்கத் திரும்பாதீர்கள். அக்கரையில் மாட்டிக்கொண்டவர் நீர் வடியும்வரை அங்கேயே மேட்டில் இருக்கட்டும். உதவிக்கு எண் 999. மலைக்குள் தொலைபேசி எல்லா இடத்திலும் எடுக்காது. எங்கே போகிறோம், எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்று தோட்டத்தில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.

மீனைப் பற்றியும் ஒரு சொல். பூங்கா எல்லைக்குள் தூண்டில் போடலாமா என்பதை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கெலா மெதுவாக வளரும் மீன். குஞ்சாகச் சிக்கினால் கையை நனைத்துக்கொண்டு தூண்டில் முள்ளைக் கழற்றி நீரில் விட்டுவிடுங்கள். பகாங் தாமான் நெகாராவில் லூபோக் தெனோர் என்னும் மடுவில் கெலாவைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அங்கே அவை கூட்டமாக வந்து மனிதர் கையிலிருந்தே தீனி தின்கின்றன.

வீடு திரும்பியபின் கவனிக்கவேண்டியது எலிக் காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீர், காலில் உள்ள சிறு கீறல் வழியாகவே நோயைத் தந்துவிடும். செம்பனைக் காட்டில் எலிகளுக்குக் குறைவில்லை என்பதால் நம்மவர் பலருக்கு இது தெரிந்த பெயர்தான். 2010-இல் பகாங், மாரான் அருகே லூபோக் யூ என்னுமிடத்தில் நீரில் மூழ்கிய ஒருவரைத் தேடப் போனவர்களுக்குக் காய்ச்சல் கண்டு, எட்டுப் பேர் இறந்தார்கள். எலிக் காய்ச்சலோடு மண்ணிலும் நீரிலும் உள்ள வேறொரு கிருமியும் அங்கே சேர்ந்துகொண்டது. ஆற்றுக்குப் போய்வந்து நான்கு வாரத்திற்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு கண்டால், மருத்துவரிடம் “ஆற்றில் இறங்கினோம்” என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று காத்திருக்கவேண்டாம். காலில் புண் உள்ள பிள்ளையை அன்று கரையிலேயே உட்கார வையுங்கள். அழுதாலும் சரி.

அந்தத் தாத்தாவை அடுத்த விடுமுறையிலும் எங்களோடு வரச் சொல்லியிருக்கிறோம். முழங்கால் ஒத்துழைத்தால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.