முதல் மோட்டார் சைக்கிள்: வேகத்தைப் பார்ப்பதா, பிரேக்கைப் பார்ப்பதா?

('பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தரலாமா?' எனும் தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய அன்பர், லைசென்ஸ் எடுத்த பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவது எமனுக்கு முன்பணம் கட்டுவதற்குச் சமம் என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். அவருடைய அச்சம் எனக்குப் புரிகிறது. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் அவர்கள் பின்னால் அமர்ந்து செல்வோரும்தான். ஆனால், வாங்கித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுகிறதா?

காலை ஆறு மணிக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட். வீடோ பஸ் எட்டிப் பார்க்காத தாமானில் இருக்கிறது. அந்தப் பிள்ளை என்ன செய்வான்? நண்பனின் மோட்டாரை இரவல் கேட்பான். அதன் டயர் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, காப்புறுதி இருக்கிறதா என்று யார் பார்ப்பது? ஆகவே, வாங்கலாமா என்பதைவிட, எதை வாங்குவது என்பதே பல குடும்பங்களுக்கு உண்மையான கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

இதை மேடைக்காகச் சொல்லவில்லை. சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலேயே இந்த வழக்கு நடந்தது. எஸ்.பி.எம். முடித்த என் அண்ணன் மகன், லைசென்ஸ் கைக்கு வந்த அன்றே என்னிடம் வந்தான்.

"அத்தை, அப்பாகிட்ட நீங்கதான் பேசணும். எனக்கு 150 சிசி வேணும். காப்சாய் எடுத்தா கூட்டாளிங்க எல்லாம் சிரிப்பானுங்க" என்றான்.

அண்ணனோ அந்தப் பேச்சையே எடுக்க விடவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் தம்பிக்குப் பத்தொன்பது வயதானபோது, அவனுடைய முதல் மோட்டாரைத் தேர்ந்தெடுத்தவர் என் அண்ணன்தான். போனஸ் பணத்தை முன்பணமாகக் கட்டி, கடனுக்கு உத்தரவாதக் கையெழுத்தும் போட்டார். கைக்கிளட்ச் வைத்த 150 சிசி மோட்டார். மூன்றாவது வாரம், மாலை மழையில், ஒரு சந்திப்பில் கார் குறுக்கே வந்தது. தம்பி பதறிப்போய்ப் பின் பிரேக்கை மட்டும் மிதித்தான். பின்சக்கரம் சிக்கி வழுக்கியது. தொடை எலும்பு முறிந்தது. தம்பி பிழைத்தான், இன்றும் சற்றுத் தாங்கித்தான் நடக்கிறான். உடைந்த மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்ட பிறகும் அதற்கான தவணையை அண்ணன்தான் கட்டி முடித்தார்.

"அன்னிக்கு அவனுக்கு எது ஓட்ட வரும்னு நான் கேட்கல. எது அழகா இருக்குனுதான் கேட்டேன்" என்று அண்ணன் என்னிடம் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் நாங்கள் மூவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான்கு கேள்விகளை எழுதினோம். அவற்றை இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

முதல் கேள்வி: இதை அவனால் நிறுத்த முடியுமா?

பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கலாம். பி2 உரிமம் 250 சிசி வரை ஓட்ட அனுமதிக்கிறது. சட்டம் அனுமதிப்பதெல்லாம் நம் பிள்ளையின் கைக்கு அடங்கும் என்று பொருளில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு விநாடி ஆனாலும் வண்டி சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். அதன் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிறது.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்தான் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்புவது நம் பிள்ளைகளிடம் உள்ள பெரிய பழக்கக் கோளாறு. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்தப் பழக வேண்டும். முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள காப்சாய் கிடைத்தால் நல்லது. சக்கரம் சிக்கிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக், 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய ரகங்களுக்கு 2025 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் கைமாறி வரும் பழைய 150 சிசி வண்டிகளில் அது இருக்கும் என்று எண்ணி ஏமாறாதீர்கள்.

இரண்டாவது கேள்வி: வண்டி அவன் உடம்புக்குப் பொருந்துகிறதா?

சட்டை வாங்கப் போனால் போட்டுப் பார்க்கிறோம். மோட்டார் வாங்கப் போனால் நிறத்தை மட்டும் பார்க்கிறோம். கடையில் அவனை ஏறி உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் பதிகிறதா? எஞ்சினை அணைத்துவிட்டு, தனியாகத் தள்ளித் திருப்ப முடிகிறதா? லைசென்ஸ் பயிற்சியில் பெரும்பாலோர் பழகியது சிறிய காப்சாய்தான். அதில் கைக்கிளட்ச் கிடையாது. நெரிசலில் கிளட்ச், கியர், பிரேக், கண்ணாடி, சிக்னல் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கப் புதியவனால் முடியாது. ஒரு வேலையைக் குறைத்துக் கொடுத்தால், அந்தக் கவனம் சாலைக்குப் போகும்.

காப்சாய் என்றால் கேலியா? ஹோண்டா இ.எக்ஸ்.5-ஐயும், கெடா குருணில் தயாராகி 1990களில் வெளிவந்த மோடெனாஸ் கிறிஸையும் கேட்டுப் பாருங்கள். எத்தனை குடும்பங்களைப் பால்மரத்துக்கும் பள்ளிக்கும் சுமந்தவை அவை!

மூன்றாவது கேள்வி: விலை போக மீதிப் பணம் இருக்கிறதா?

கையிலுள்ள பணம் முழுவதையும் வண்டியிலேயே போட்டுவிட்டு, இருபது வெள்ளி தலைக்கவசத்தோடு பிள்ளையை அனுப்புகிறோம். இந்த நாட்டில் தலைக்கவசம் 1973-இலேயே கட்டாயமாகிவிட்டது. இன்னும் பலர் அதைப் போலீசுக்காகத்தான் அணிகிறார்கள். சிரிம் முத்திரை உள்ள, தலைக்குச் சரியாகப் பொருந்தும் கவசம், மூடிய காலணி, மழைச்சட்டை, இவற்றுக்கான பணத்தை முதலில் எடுத்து வையுங்கள். அடுத்தது காப்புறுதி. மூன்றாம் தரப்புக் காப்புறுதி நம்மால் பிறருக்கு நேரும் பாதிப்புக்குத்தான். நம் வண்டி உடைந்தால் அதற்குப் பணம் வராது. தவணை மட்டும் தொடர்ந்து வரும். எங்கள் வீடு கற்ற பாடம் அது.

நான்காவது கேள்வி: பழைய வண்டி என்றால், எதைப் பார்ப்பது?

புதிதாகப் பழகுபவன் ஒரு முறையாவது வண்டியைக் கீழே போடுவான். ஆகவே நல்ல நிலையில் உள்ள பழைய வண்டி தவறில்லை. எஞ்சின் சூடாவதற்கு முன் ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். டயர், செயின், பிரேக், விளக்கு, முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு, அனைத்தையும் பாருங்கள். எஞ்சின் எண்ணும் சட்ட எண்ணும் கிராண்டில் உள்ளபடி இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். கண்ணாடியைக் கழற்றி, ஒல்லி டயர் மாட்டிய வண்டியாக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். முடிந்தால் பழக்கமான மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள்.

நேயர்களே, என் மருமகன் கடைசியில் எதை எடுத்தான் தெரியுமா? கடையில் 150 சிசி வண்டியில் ஏறி உட்கார்ந்தான். முகம் மலர்ந்தது. பிறகு எழுதி வைத்திருந்த கேள்விகளை அவனே வாசித்தான். வெகுநேரம் பேசவில்லை. முன்பக்கம் டிஸ்க் பிரேக் உள்ள ஒரு பழைய 125 சிசி காப்சாயைக் காட்டி, "இது போதும்பா" என்றான். கூட்டாளிகள் ஒரு வாரம் சிரித்தார்களாம். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தச் சந்திப்பில், எப்படி விழுந்தேன் என்பதைத் தம்பியே அவனை உட்கார வைத்துச் சொன்னான். இத்தனை ஆண்டுகளில் அவன் அதைப் பற்றி வாய் திறந்தது அன்றுதான்.

அண்ணன், 'பி' ஸ்டிக்கரைத் தன் கையாலேயே ஒட்டினார். ஞாயிறு காலைகளில் இருவரும் காலியான திடலுக்குப் போய் பிரேக் பிடித்துப் பழகினார்கள். இப்போதும் மகன் வேலை முடிந்து வரும் நேரத்தில் அவர் வாசலுக்கு வந்து நிற்கிறார். அந்த அச்சத்தை எந்த மோட்டாரும் போக்கிவிடாது. எந்த வண்டியும் முழுப் பாதுகாப்புத் தராது என்பதும் எனக்குத் தெரியும்.

பெற்றோர்களே, பிள்ளை மோட்டார் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். ஒரு தாளை எடுத்து அவனோடு உட்காருங்கள். இளைஞர்களே, இது உங்கள் கடைசி மோட்டார் அல்ல, முதல் மோட்டார். பெரியதை வாங்க இன்னும் காலம் இருக்கிறது. அந்தக் காலம்வரை நீங்கள் எங்களுக்கு வேண்டும்.